ரூபாவுக்குப் பின் பதினேழு புள்ளிகள்

இந்தமுறை வந்த சுற்றறிக்கையில்
தொகை இல்லை.
'ரூபா' என்று அச்சடித்து
அதற்குப் பின் வெறும் புள்ளிகள்.
பதினேழு.
சிறாப்பர் வேலை பார்ப்பவளுக்கு
எண்ணாமல் இருக்க வராது.

இருபத்திரண்டு வருஷமாகத்
தொகை கொழும்பிலிருந்து வந்தது,
காலநிலை அறிக்கை மாதிரி.
சரியோ பிழையோ, நாங்கள் செய்ததில்லை.
கவுண்டரில் ஏச்சு விழும்போது
மேலே கையைக் காட்டுவேன்:
"நான் என்ன செய்ய, வர்த்தமானியில கிடக்கு."
அந்த ஒரு வசனத்துக்குக் கீழே
எவ்வளவு நிழல் இருந்ததென்று
இப்போதுதான் தெரிகிறது.

தமது சேவைகளுக்கான கட்டணங்களைத்
தாமே தீர்மானிக்கும் நெகிழ்வுத்தன்மை
நிறுவனங்களுக்கு இத்தால் வழங்கப்படுகிறது.

நெகிழ்வதென்றால் நான் அறிந்தது
தாரைவார்க்கும்போது தகப்பன்மாருக்கு வருவது.
நகரசபைக்கும் வரும் என்று நினைக்கவில்லை.

நியாயம் இல்லாமலுமில்லை.
பழைய கட்டணத்துக்கு டீசல் அடித்தால்
மலக்குழி பவுசர்
மடத்தடிச் சந்தியோடு நின்றுவிடும்.
மார்கழி வெள்ளத்தில் அது கராஜில் கிடக்க,
பாலையூற்றில் செபமாலை வீட்டுக் குழி
நிரம்பி முற்றத்துக்கு வந்தது.
மனுஷன் கண்ணாடி ஓட்டைக்குள் முகத்தை வைத்துச் சொன்னார்:
"கூட்டுங்கோ தங்கச்சி, எவ்வளவெண்டாலும் கூட்டுங்கோ.
மலிவு விலைக்கு வராமலே நிக்கிற வண்டி
எனக்கென்னத்துக்கு?"

அதே வரிசையில், இரண்டு பேர் தள்ளி,
பஸ்மியா.
வீதிக்கோட்டுச் சான்றிதழ் வேண்டும்,
வங்கி கேட்டதாம்,
இரண்டு தையல் மெசினுக்கான கடன்.
போன் கவரைக் கழற்றி
பின்னால் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள்.
"இவ்வளவுதானே மிஸ்?"
"இந்த மாசம் முடியுமட்டும்" என்றேன்.
அவள் வெறும் கவரைத் திரும்பப் போட்டு அழுத்தினாள்.
போனுக்கும் கவருக்கும் நடுவில்
ஒரு தாளின் தடிப்பு.
அவளிடம் இருந்த நெகிழ்வு அவ்வளவுதான்.

புதன்கிழமை கூட்டம்.
கணக்காளர் விஜேகோன்
ஒவ்வொன்றாய் வாசித்தார்.
மண்டபம், கதிரை, மைதானம், பவுசர்.
கடற்கரை ஹோட்டல்களுக்கு மூன்று மடங்கு:
ஒருவரும் இருமக்கூட இல்லை.
கரண்ட் போனது.
ஜன்னலுக்கு வெளியே
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
சபையின் பூச்சாடியில்
விலை கேட்காமல் மேய்ந்தது.

பிறகு தகனசாலை.
ஒரு உடலுக்கு எத்தனை சிலிண்டர் என்று
ஒருவர் போனில் பெருக்கினார்.
கணக்குச் சரி. இரண்டுதரம் பார்த்தோம், சரிதான்.
"குடுக்க ஏலாத சனம்?"
நூலகர் பரஞ்சோதி கேட்டார்.
"சிபார்சுக் கடிதம் கொண்டுவரட்டும்."
"ஆர், செத்தவரோ?"
முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம், கொஞ்சம் கூடுதலாகவே.

"இப்போதைக்குப் பென்சிலால போடுங்க மிஸ்,
பிறகு பார்த்துக்கொள்ளலாம்."
ஆறு மணிக்கு நானும் அட்டவணையும் மிச்சம்.
பவுசரைக் கூட்டினேன், கை நடுங்கவில்லை.
ஹோட்டலைக் கூட்டினேன், சந்தோஷமாகவே.
சான்றிதழில் மூன்றுதரம் அழித்தேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து
பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.
தகனசாலைக்கு எதிரே
புள்ளிகளைப் புள்ளிகளாகவே விட்டேன்.
நாளைக்கு அதற்கு யாராவது
என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

முதலாம் தேதி வரும்.
கண்ணாடி ஓட்டைக்குள்ளால் ஒரு குரல்,
"இது ஆர் போட்ட விலை?"

கை பழக்கத்தில் மேலே எழும்பும்.
மேலே
மின்விசிறி.